பெரியவரைத் தூக்க வந்த பெடியள்

"என்ன? பெடியள் வருகினமோ?"

கமலமக்கா ரெலிபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினார். கொழும்பு லைன் அன்றைக்கு மழையில் நனைந்த கோழிபோலக் கரகரத்தது. அங்கே இருப்பவருக்குக் கேட்க வேண்டுமென்றால் இங்கே துறைமுகமே கேட்கும்படி பேச வேண்டும்.

"எத்தினை பேர்? ஆறு பேரோ?"

நான் விசைப்பலகையில் தட்டிக்கொண்டிருந்த விரல்களை நிறுத்தினேன். ஏசிப் பெட்டிக்குள் தலையை விட்டிருந்த அன்சார் நானா தலையை வெளியே எடுத்தார்.

"லொறியிலயோ? வாற வெள்ளிக்கிழமையோ? என்னடி புவனம் சொல்லுறாய். பெரியவரைத் தூக்கப் போகினமோ?"

யன்னல் திறந்திருந்தது. யன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் தொடலாம் போல, மண்மூடை அடுக்கிய காவல் கொட்டில். அதற்குள் இருந்த தொப்பி ஒன்று மெல்லத் திரும்பியது.

சென்ற வாரம் மூதூர் லோஞ்சில் என் குடை கடலுக்குள் பறந்த கதையை வாசித்துவிட்டு, "உங்கள் ஊரில் எல்லாமே பறக்குமோ" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லை, அம்மா. இந்த வாரம் நான் சொல்லப்போவது பறக்கவே பறக்காத ஒருவரைப் பற்றி. பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க ஏலாதவர்.

அதற்கு முதல் ஒரு சொல்லின் கதையைச் சொல்லவேண்டும்.

போனில் சொல்லக்கூடாத சொல்

அந்த வருடங்களில் 'பெடியள்' என்றால் எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். காட்டுக்குள் துவக்கோடு திரிந்தவர்கள். 'தூக்குவது' என்றாலும் ஒரே அர்த்தம்தான். தூக்கப்பட்டவர் பெரும்பாலும் திரும்பி வரமாட்டார்.

ஆகவே பெற்ற ஆண்மக்களைக் கூட நாங்கள் போனில் பெடியள் என்று சொல்வதில்லை. "பிள்ளையள் சுகமோ" என்போம். கலியாணம் பேசுகிறவர்கள் பட்ட பாடு தனி. "ஒரு நல்ல பெடியன் இருக்கிறான்" என்று சொல்லப் பயந்து, "ஒரு நல்ல சாமான் வந்திருக்கு, வந்து பாருங்கோ" என்பார்கள். அது இன்னும் மோசம்.

கமலமக்காவுக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அதிர்ச்சிக்கு இலக்கணமும் இல்லை, புத்தியும் இல்லை. அவர் போனை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். முகத்தில் உப்புக் காற்று பட்ட சுவர்போல ஒரு வெளிறல்.

"பிள்ளை, பெரியவரை எடுக்கப் போகினமாம். எனக்கும் இனி இஞ்ச வேலை இல்லையாம்."

"அக்கா, முதல் யன்னலைச் சாத்துங்கோ," என்றேன் நான்.

ஆர் இந்தப் பெரியவர்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசாங்கக் கந்தோர். பெயர் வேண்டாம். துறைமுகத்து ஆட்களின் சம்பளம், லீவு, பென்ஷன் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தது ஒரு கொம்பியூட்டர். இப்போது நீங்கள் மடியில் வைத்திருப்பதைப் போன்றதல்ல. மூன்று அலுமாரியைச் சேர்த்து நிறுத்தினால் வரும் பருமன். அதற்கென்று ஒரு குளிர் அறை. வெளியே கல்லும் வியர்க்கும் வெயில் நிற்க, உள்ளே நாங்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தோம். அன்சார் நானா குரங்குத் தொப்பி போட்டிருப்பார்.

அந்த இயந்திரத்தைத்தான் பெரியவர் என்போம். 'அது' என்று நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

"பெரியவர் எழும்பிட்டாரோ?" என்று காலையில் கேட்பேன்.

"எழும்பிட்டார். ஆனா இன்னும் முகம் கழுவேல்லை," என்பார் கமலமக்கா. பதிவு நாடாவை இன்னும் ஏற்றவில்லை என்று அர்த்தம்.

சரஸ்வதி பூசைக்கு அவருக்குச் சந்தனப் பொட்டு வைப்போம். நெற்றி எதுவென்று தெரியாததால் கதவின் கைபிடிக்கு மேலே வைப்போம். அவர் உறுமுவார். ஒரு பெரிய பூனை கடலைக் கனவு காண்கிறது போல இருக்கும் அந்த உறுமல். எனக்கு அந்த ஓசைக்குள் இருந்துதான் முதல் வரிகள் வந்தன. ஓரத்தில் ஓட்டை போட்ட அகலமான பிறின்ரர் தாளின் பின்பக்கத்தில் எழுதுவேன். இன்றைக்கும் ஓட்டை இல்லாத தாளில் எழுத எனக்குக் கை வராது.

பெரியவருக்கு ஒரு குணம். பெயருக்கு அவரிடம் இருந்த இடம் சின்னது. அதற்கு மேலே போனால் வெட்டிவிடுவார். கமலமக்காவின் உண்மையான பெயர் கமலாம்பிகை. தகப்பன் பெயர் கந்தப்பர். கந்தப்பர் கமலாம்பிகை என்று ஆங்கிலத்தில் எழுதி உள்ளே விட்டால், 'கந்தப்பர் கமலம்' என்று வெளியே வரும். அப்படித்தான் அவர் ஊருக்கெல்லாம் கமலமக்கா ஆனார். கடலோடியான அவருடைய புருஷன் கூட, வருடத்துக்கு ஒருமுறை கப்பலால் இறங்கி வந்து, "கமலம்" என்றுதான் கூப்பிடுவார். பெரியவர் வைத்த பெயர்.

கொழும்புத் தலைமையகத்தில் இருந்த புவனம், கமலமக்காவோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர். மேசையில் வைக்கும் சின்னக் கொம்பியூட்டர்கள் அங்கே வந்து இறங்கியபோது அவர்தான் சொன்னார்: "உங்கட பெரியவர் ஒருத்தர் செய்யிற வேலையை இந்த ஆறு பெடியளும் செய்வாங்கள்." அன்றிலிருந்து அந்தச் சின்னவைக்குப் பெடியள் என்று பெயர். புவனத்துக்கு என்ன, கொழும்பில் இருந்துகொண்டு சொல்லலாம்.

கொண்டுபோக ஏலாத கிணறு

பெரியவர் போனால் அவரை ஓட்டுகிற ஆளுக்கு இங்கே பதவி இல்லை. கமலமக்கா கொழும்புக்கு மாற்றலாகிப் போகவேண்டும். அங்கே ஒரு தமிழ்ப் பெண் தனியாக அறை எடுத்து, பொலிசில் பதிந்து, தெருவில் பத்து இடத்தில் அடையாள அட்டை காட்டி வாழவேண்டும். ஆனால் அதையெல்லாம் அவர் ஒரு பக்கத்தில் தள்ளி வைத்தார்.

"என்ர கிணத்தை என்ன செய்யிறது?" என்றார்.

லிங்கநகரில் அவர் கட்டிய வீட்டில் ஒரு கிணறு. எங்கள் ஊரில் கடல் எல்லா வீட்டுக்கும் நிலத்துக்கடியால் வந்து எட்டிப் பார்க்கும். தோண்டினால் உவர்த் தண்ணீர்தான் அதிகம். கமலமக்காவின் கிணறு மட்டும் இளநீர் போல. தகப்பன் கந்தப்பர் காட்டிய இடம் அது. சோடா வண்டில் தள்ளித் திரிந்த மனிதர், கட்டைக் குட்டையானவர். "இதில தோண்டு" என்று காலால் தட்டினாராம். எல்லாரும் சிரித்தார்களாம். தண்ணீர் வந்தபோது அவர் மட்டும் சிரித்தாராம்.

கந்தப்பருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, கவுண்மேந்து உத்தியோகம், அரசாங்கச் சம்பளம். எங்கள் கந்தோரிலேயே காவற்காரன் வேலைக்கு மூன்று தரம் எழுதிப் போட்டார். மூன்று தரமும் ஒரே பதில். உயரம் போதாது. மகள் அதே கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த அன்று, வாசலில் நின்று எல்லாருக்கும் இலவசமாகச் சோடா உடைத்துக் கொடுத்தாராம்.

அவர் செத்தது ஒரு ஊரடங்கு நாளில். பறை இல்லை, பந்தல் இல்லை. அனுமதி எடுத்த நாலு பேர்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பேப்பரில் மரண அறிவித்தல் கூடப் போட முடியவில்லை. அந்தக் கிழமை பேப்பரே ஊருக்கு வரவில்லை. கமலமக்கா இதைச் சொல்லும்போது அழமாட்டார். ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தருவார்.

"இதை லொறியில ஏத்த ஏலுமோ, பிள்ளை?"

"ஏலாது, அக்கா."

"அப்ப நானும் ஏறமாட்டன்."

அன்சார் நானாவுக்கும் கவலைதான். பெடியளுக்குக் குளிர் தேவையில்லையாம். ஒரு மின்விசிறி போதுமாம். "அப்ப நான் கிண்ணியாவில ஐஸ்பழந்தான் விக்கணும்," என்றார். குரங்குத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

அன்னார் எங்கே

அடுத்த நாள் காலை ஒரு அதிகாரி வந்தார். சீருடை, கையில் பேனா, முகத்தில் பரீட்சைக்கு வந்த மாணவனின் ஒழுங்கு. சிங்களவர். தமிழ் சொந்த முயற்சியில் படித்தவர் என்பது பிறகு தெரிந்தது. எதில் படித்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது. பத்திரிகையில் வரும் மரண அறிவித்தல்களில். ஒவ்வொரு நாளும் அதே வசனங்கள், பெயர் மட்டும் மாறும். மொழி படிக்க அதைவிட வசதி உண்டா?

"வணக்கம். அன்னார் எங்கே இருக்கிறார்?" என்றார்.

எங்கள் ஊரில் செத்தவரைத்தான் அன்னார் என்பார்கள்.

"எந்த அன்னார், சேர்?" என்று கமலமக்கா கேட்டார்.

"பெரியவர்."

"ஓ. உள்ளுக்கு இருக்கிறார்."

"உயிருடனா?"

"காலமைதான் எழுப்பினனான். நல்லா இருக்கிறார்."

"அன்னாரின் பிறப்பிடம்?"

"வெளிநாடு, சேர். கப்பலில வந்தவர்."

"வதிவிடம்?"

"இந்த அறைதான். வந்த நாள் தொடக்கம் வெளியில போனதில்லை."

அதிகாரியின் பேனா வேகமாக ஓடியது. "பயத்தினாலா?"

"வெக்கையால."

"அன்னாரைத் தூக்கப் போகிறவர்கள் யார்?"

"கொழும்புப் பெடியள்."

"கொழும்பிலும் இருக்கிறார்களா?"

"அங்கதானே, சேர், தலைமையகம்."

அன்சார் நானா இருமினார். நான் கமலமக்காவின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார். அதிகாரி தொடர்ந்தார்.

"அவர்களை அனுப்புவது யார்?"

"அமைச்சு."

பேனா நின்றது.

"கண்டியில ஏற்கனவே தூக்கிப்போட்டினம், சேர். பேப்பரிலயும் வந்தது. அமைச்சர் வந்து பெடியளுக்கு மாலை போட்டவர்."

அதிகாரி பேனாவை மூடினார். திரும்பவும் திறந்தார். "நான் அன்னாரை நேரில் பார்க்க வேண்டும்," என்றார், மிக மெல்ல.

"அப்ப சப்பாத்தைக் கழட்டுங்கோ. தூசி அவருக்கு ஆகாது."

அவர் கழற்றினார். காலுறையில் ஒரு ஓட்டை. பெருவிரல் எங்களைப் பார்த்து நின்றது. அந்தக் குளிரில், அந்த உறுமலில், மூன்று அலுமாரிப் பருமனான இரும்புக்கு முன்னால் அவர் நின்றார். சந்தனப் பொட்டைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"இது... அன்னார்?"

"ஓம், சேர்."

அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கும் மேலிடத்து உத்தரவு வேண்டும் போல நின்றார். கடைசியில் கதிரையில் இருந்து, தலையைக் கையில் தாங்கிக்கொண்டு சொன்னார்: "நான் நேற்றே அறிக்கை அனுப்பிவிட்டேன்."

பாவம், யன்னலுக்கு வெளியே அந்தக் கொட்டிலுக்குள் இருந்து தானே கேட்டுத் தானே மொழிபெயர்த்த முதல் தமிழ்ப் பேச்சு அதுவாம். ஊர்ப் பெரியவர் ஒருவருக்கு ஆபத்து, ஆறு பேர் லொறியில் வருகிறார்கள் என்று எழுதி, பதவி உயர்வுக்குக் காத்திருந்தாராம். இப்போது பொய் என்று சொன்னால் அந்தப் பதவியும் போய், படித்த தமிழும் போய்விடும்.

கமலமக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லமாட்டம், சேர். நீங்களும் நாங்கள் போனில சொன்ன சொல்லை மறந்திடுங்கோ."

அந்தச் சொல்லுக்காக வேறு யாராவது வந்திருந்தால் கமலமக்கா எங்கே இருந்திருப்பார் என்பதை அப்போதுதான் நாங்கள் மூவரும் நினைத்தோம். ஏசியைக் குறைக்கச் சொன்னேன். அது ஏசிக் குளிர் இல்லை என்றார் நானா.

அன்றிலிருந்து பெரியவரின் கதவடியில் துவக்கோடு ஒரு காவல். அறிக்கை அறிக்கைதானே. காவலுக்கு வந்தவருக்குப் பெரியவர் யாரென்று கடைசிவரை தெரியாது. உள்ளே யாரோ நெடுநாளாகக் குறட்டை விட்டுத் தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தம் போடாமல் நடப்பார்.

மிஞ்சிய ஆணி

வெள்ளிக்கிழமை கப்பல்துறைச் சோதனைச் சாவடியில் லொறியை மறித்துவிட்டார்கள். ஆறு பேரைத் தேடச் சொல்லியிருந்தது. லொறியில் இருந்ததோ சாரதியும் சுதன் என்ற பொறியியலாளரும் ஆறு பெட்டிகளும்.

பொழுதுபடும் நேரம் சுதன் வந்து சேர்ந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். காலையில் வெள்ளையாக இருந்திருக்கவேண்டிய சேட்டு. மூக்கு வெயிலில் தக்காளி.

"ஆறையும் கழட்டிப் பார்த்தாங்க, அக்கா. ஒவ்வொரு ஆணியா. பிறகு நல்ல மாதிரிப் பூட்டித் தந்தாங்க," என்றார். சட்டைப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து நீட்டினார். "ஆனா இது ஒண்ணு மிஞ்சிப் போச்சு."

ஒரு குட்டி ஆணி.

"எந்தப் பெடியன்ர?" என்று கேட்டேன்.

"அதுதான் தெரியல்ல."

கமலமக்கா அவரை முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். தன்னைக் கிணற்றிலிருந்து பிரிக்க வந்த எமன் இப்படித் தாகத்தோடு வருவான் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த போத்தலை நீட்டினார். சுதன் ஒரே மூச்சில் குடித்தார்.

"என்ன தண்ணி இது? சீனி போட்டதா?"

"என்ர கிணறு. இதை விட்டிட்டுத்தான், தம்பி, உங்கட கொழும்புக்கு வரச் சொல்லுறியள்."

சுதன் வெற்றுப் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நல்ல பெடியன். இந்தச் சொல்லை இப்போது பயமில்லாமல் எழுதுகிறேன்.

அப்பாமார் வருகை

சுதனுக்குத் தன் வேலை தெரியும். ஆகவே பயமும் இருந்தது. "எனக்குப் பயம் இந்தப் பெரிய மெஷினில இல்ல, அக்கா. இதுக்குள்ள யார் என்ன எழுதி வச்சிருக்காங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எழுதினவர் வெளிநாடு போயிட்டார். அவசரப்பட்டு நிப்பாட்டினா ஒருத்தருக்கும் சம்பளம் வராது."

அதனால் தலைமையகத்தில் ஒரு விதி வைத்திருந்தார்கள். பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும். இரண்டும் ஒரே விடை சொல்லும்வரை பழையதை நிறுத்தக்கூடாது. மாமியும் மருமகளும் ஒரே குசினியில் ஒரே குழம்பு வைப்பது போல.

முதல் நாள் பெடியள் ஆட்களின் பட்டியலை அடித்துத் தள்ளினார்கள். அன்சார் நானா எடுத்து வாசித்தார். வாசித்தவர் நின்றார்.

"புள்ள, இது ஆரு? செல்லையா, வேலுப்பிள்ளை, சின்னத்தம்பி... இவங்களெல்லாம் எப்பவோ போன ஆக்களல்லோ?"

நடந்தது இதுதான். எங்கள் ஆட்கள் தகப்பன் பெயரை முன்னுக்கும் தங்கள் பெயரைப் பின்னுக்கும் எழுதுவார்கள். சுதன் கொண்டுவந்த விதியோ முதல் சொல்தான் ஆளின் பெயர் என்றது. ஆகவே துறைமுகம் முழுவதும் அப்பாமார் வேலைக்கு வந்துவிட்டார்கள். பாரந்தூக்கியில் சின்னத்தம்பி. வெளிச்சவீட்டில் வேலுப்பிள்ளை. எல்லாருக்கும் லீவு மிச்சம் இருந்தது.

"நான் அப்துலாம்," என்றார் அன்சார் நானா. "வாப்பாட பேர் அப்துல் காதர். இதில நான் பாதி வாப்பா."

கிண்ணியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களில் அரைவாசிப்பேர் அப்துல் ஆகியிருந்தார்கள். ஒரு அப்துலுக்கு லீவு கொடுத்தால் எல்லா அப்துலும் வீட்டுக்குப் போகலாம்.

சுதன் விதியைத் திருப்பிப் போட்டார். கடைசிச் சொல்தான் பெயர். தமிழ் அப்பாமார் மறைந்தார்கள். ஆனால் சிங்களவர்களுக்குக் கடைசியில் வருவது குடும்பப் பெயர். இப்போது துறைமுகத்துப் பெரேராக்கள் எல்லாரும் ஒரே பெரேரா ஆகி, அந்த ஒருவரே மூன்று கப்பலில் ஒரே நேரத்தில் நின்றார். அதைத் திருத்த ஒரு விதி. அந்த விதிக்கு ஒரு விதிவிலக்கு. எதைப் போட்டாலும் யாரோ ஒருவருடைய அப்பா எங்கிருந்தோ வேலைக்கு வந்துவிடுவார்.

"பெரியவர் மட்டும் எப்படிச் சரியாச் செய்தார்?" என்று சுதன் தலையைச் சொறிந்தார்.

அவர் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் உண்மை. பெரியவருக்குப் பெயரைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எந்த ஊர், எந்தச் சாதி, எந்தச் சமயம், எது முன்னுக்கு எது பின்னுக்கு என்று அவர் கேட்டதில்லை. கொடுத்ததைக் கொடுத்தபடி வாங்கிக்கொண்டார். இடம் போதாவிட்டால் எல்லாரையும் ஒரே அளவில் வெட்டினார். அந்த வருடங்களில் எங்கள் ஊரில் அப்படி வேறு ஒருவரும் இருக்கவில்லை.

காலஞ்சென்றவரின் இடமாற்றம்

மாதங்கள் போயின. சுதன் வருவதும் போவதுமாக இருந்தார். வரும்போதெல்லாம் வெற்றுப் போத்தல்களோடு வருவார், போகும்போது கிணற்றுத் தண்ணியோடு போவார். இரண்டு விடைகளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் தலைமையகம் பொறுமை இழந்துவிட்டது. ஒருநாள் மாற்றல் கட்டளை வந்தே விட்டது.

கமலமக்கா உறையைக் கிழித்தார். வாசித்தார். திரும்ப வாசித்தார்.

"பிள்ளை, இதில என்ர பேர் எங்க இருக்கு பார்."

நான் பார்த்தேன். கட்டளை கொழும்புப் பெடியள் அச்சடித்தது. 'திரு. கந்தப்பர் அவர்கள் உடனடியாகத் தலைமையகத்துக்கு இடமாற்றம் செய்யப்படுகிறார்.'

"அப்பாவை மாத்தியிருக்கினம்," என்றார் கமலமக்கா.

"அவர் போகட்டுமே," என்றார் நானா.

சிரித்தோம். ஆனால் சிரித்து முடிய, கமலமக்காவின் முகம் திரும்பவும் வெளிறியது. ஒரு சின்னப் பிழை. நாளைக்கே திருத்தி அனுப்புவார்கள். அதோடு கிணறு போச்சு.

அந்தக் காலத்தில் ஊரை விட்டு வெளியே போகப் பயண அனுமதி எடுக்கவேண்டும். அனுமதி கொடுக்கிறவர் யார்? நம்முடைய அதிகாரிதான். நாங்கள் வாயைத் திறக்காமல் இருந்ததால் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. புதிய காலுறையும் போட்டிருந்தார். கமலமக்கா கட்டளையை அவர் மேசையில் வைத்தார்.

அவர் நிதானமாக வாசித்தார். "கந்தப்பர் அவர்கள் நேரில் வர வேண்டும்."

"வரமாட்டார், சேர். அவர் என்ர அப்பா. செத்துப்போனார்."

அதிகாரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தன் வாழ்நாள் முழுவதும் படித்த பாடத்தில் இருந்து கேள்வி வந்துவிட்ட மாணவனின் வெளிச்சம். தாளை எடுத்தார். தமிழில், அழகான கையெழுத்தில், யோசிக்காமல் எழுதினார்.

'திருகோணமலையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட கந்தப்பர் அவர்கள் ஏற்கனவே காலமானார். அன்னார் கமலாம்பிகையின் பாசமிகு தந்தையாவார். ஆகையால் அன்னாருக்குக் கொழும்பு செல்லப் பயண அனுமதி வழங்க இயலாது. இவ்வறிவித்தலைத் தலைமையகம், உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

கீழே முத்திரை குத்தினார்.

கமலமக்கா அதை வாங்கி வாசித்துக்கொண்டே நின்றார். "பாசமிகு எண்டு போட்டிருக்கிறார், பிள்ளை," என்றார் என்னிடம், வெளியே வந்த பிறகு. "முழுப்பேரும் போட்டிருக்கிறார். கமலாம்பிகை எண்டு."

ஒத்துப்போகாத இரண்டு விடை

தலைமையகம் அறிவித்தலை ஏற்றுக்கொண்டது. கொழும்புப் பெடியளின் கணக்கில், திருகோணமலையில் பெரியவரை ஓட்டிய கந்தப்பர் காலமானார். இங்கே பெரியவரின் கணக்கிலோ கந்தப்பர் கமலம் உயிரோடு இருந்தார், நேற்றும் வேலைக்கு வந்தார். இரண்டு விடையும் ஒத்துப்போகும்வரை பழையதை நிறுத்தக்கூடாது என்பது விதி. ஒன்று செத்தார் என்கிறது, மற்றது இருக்கிறார் என்கிறது. எப்படி ஒத்துப்போகும்?

சுதன் நினைத்திருந்தால் திருத்தியிருக்கலாம். ஒரு வரி வேலை. "பார்க்கிறன், பார்க்கிறன்," என்றார். போத்தலை நீட்டினார்.

பெரியவர் பிறகும் பல காலம் உறுமினார். கமலமக்கா பென்ஷன் எடுக்கும்வரை லிங்கநகரை விட்டு நகரவில்லை. அன்சார் நானா குரங்குத் தொப்பியைக் கழற்றவில்லை. மிஞ்சிய ஆணி என் மேசை லாச்சியில் கிடந்தது. இப்போது எங்கே என்று தெரியவில்லை. ஊர் ஊராக மாறியவளின் சாமான்களில் ஆணிதான் முதலில் தொலையும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதன் பிறகு வந்த கடிதத்தை. தலைமையகத்தில் இருந்து, தடித்த தாளில், கறுப்புக் கரையோடு. கமலமக்கா அதை எங்களுக்கு உரத்து வாசித்தார்.

'கந்தப்பர் அவர்கள் எமது திணைக்களத்துக்கு ஆற்றிய நீண்டகால, அர்ப்பணிப்புள்ள சேவையை நன்றியுடன் நினைவுகூருகிறோம்.'

அவர் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கம்பளிச் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கதவடியில் இருந்த காவல்காரர் எட்டிப் பார்த்து, உள்ளே தூங்குகிறவர் எழும்பிவிடுவார் என்று வாயில் விரலை வைத்தார்.

"அப்பா மூண்டு தரம் எழுதிப் போட்டவர், நானா," என்றார் கமலமக்கா, மூச்சு வாங்கிக்கொண்டு. "இப்ப குடுத்திட்டினம்."

அன்சார் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "இப்ப உயரம் போதுமாமா?"

"கொழும்பில ஒருத்தரும் அளக்கேல்லை," என்றார் கமலமக்கா.